கச்சான் இரவில் சீபாப்: மூக்கு ஏன் காய்கிறது?

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு மூச்சுவழியே அடைபடும். மூக்குவழி இடைவிடாத காற்றழுத்தம் கொடுத்தால் அது மூடாது என்று 1981இல் சிட்னி மருத்துவர் கொலின் சலிவன் காட்டினார். அதுதான் சீபாப்.

திருகோணமலையில் இதைப் பூட்டிக்கொண்டு படுப்பவருக்குப் பருவமும் ஒரு பிரச்சினை. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, சூடும் வறட்சியுமாகக் கிழக்கே இறங்குவதே கச்சான். வழக்கமாக நாம் வெளிவிடும் மூச்சு, தன் ஈரத்தில் ஒரு பங்கை மூக்குக்கே திருப்பித் தரும். வாய் திறந்துகொண்டால் கருவியின் காற்று மூக்கால் நுழைந்து வாயால் ஓடிவிடும், ஈரம் திரும்புவதில்லை. மூக்கு காய்ந்து, வீங்கி, அடைக்கும். அடைத்ததால் வாய் இன்னும் திறக்கும்! கருவியின் ஈரமூட்டியைக் கூட்டுவதும், தேவையானால் வாயையும் மூடும் முகமூடிக்கு மாறுவதும் இந்தச் சுழலை உடைக்கும்.

மாரியில் நிலைமை தலைகீழ். ஏசி அறையில் குளிர்ந்த குழாய்க்குள் நீர் திரண்டு முகத்தில் தெறிக்கும். ஈரத்தைக் குறையுங்கள், கருவியைக் கட்டிலைவிடத் தாழ்வாக வையுங்கள்.

முகமூடியில் காற்று கசிந்தால் அதன் பட்டியை இறுக்கவே தோன்றும். தயவுசெய்து வேண்டாம்: மெத்தென்ற விளிம்பு காற்றால் உப்பித்தான் தோலோடு ஒட்டுகிறது, இறுக்கினால் அது நசுங்கிவிடும். படுத்த நிலையில், கருவி ஓடும்போதே சரிசெய்யுங்கள். மூச்சுமுட்டும் பயம் இருந்தால் பகலில் வானொலி கேட்டபடி சிறிது நேரம் அணிந்து பழகலாம். அழுத்தத்தின் அளவை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.