ஆறு உரிமையாளர்கள் கண்ட அலைவரிசை: விஜய் டிவி வளர்ந்ததும் விற்கப்பட்டதும்

விஜய் டிவி 1994 நவம்பர் 24 அன்று சென்னையில் ‘கோல்டன் ஈகிள் கம்யூனிகேஷன்’ என்ற பெயரில் தொடங்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்குள் அது ஐந்து முறை கைமாறியது. தமிழ்நாட்டுத் தொழிலதிபர் ஒருவரின் முயற்சியாக எழுந்து, பெங்களூரு, மும்பை, ஹொங்கொங், அமெரிக்கா எனச் சுற்றி, இன்று ரிலையன்ஸ் குழுமத்தின் ஆளுகைக்குள் நிற்கிறது. இரவில் யாழ்ப்பாணத்தின் கொழும்புத்துறையில் தொலைக்காட்சி முன் அமரும் குடும்பமும் மதுரையில் அமரும் குடும்பமும் பார்ப்பது பெரும்பாலும் ஒரே நிகழ்ச்சியைத்தான். அதை யார் நடத்துகிறார்கள், எந்தக் கணக்கில் நடத்துகிறார்கள் என்பது இந்த விற்பனைகளின் வரிசையைப் பார்த்தால் தெளிவாகும்.

செய்மதி திறந்த வழி

சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஓகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டில் தொலைக்காட்சி என்றால் அரசுத் தொலைக்காட்சிதான். 1991இல் வளைகுடாப் போரின் காட்சிகள் செய்மதி வழியே நேரடியாக வந்தபோது இந்திய நகரங்களில் கேபிள் இணைப்புகள் பெருகின. அதே ஆண்டு ஹொங்கொங்கிலிருந்து ஸ்டார் டிவி ஏசியாசற் 1 செய்மதி மூலம் ஒளிபரப்பத் தொடங்கியது. 1992 ஒக்டோபரில் இந்தியில் சீ டிவியும், 1993 ஏப்ரல் 14 அன்று தமிழில் சன் டிவியும் வந்தன.

இந்திய மண்ணிலிருந்து செய்மதிக்கு நேரடியாக அனுப்பத் தனியாருக்கு அப்போது அனுமதி இருக்கவில்லை. ஆகவே நிகழ்ச்சி நாடாக்கள் விமானத்தில் வெளிநாடுகளுக்குப் போய், அங்குள்ள தரை நிலையங்களிலிருந்து செய்மதிக்கு ஏற்றப்பட்டன. வானத்தை எட்டும் வாய்ப்பு இருந்தும் சட்டம் பின்தங்கியிருந்த காலம் அது. 1995 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், காற்றலைகள் பொதுச் சொத்து என்றும் அவற்றின்மேல் அரசு தனியுரிமை கொண்டாட முடியாது என்றும் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு கேபிள் தொலைக்காட்சிச் சட்டமும் வந்தது.

உடையாரிலிருந்து யூடிவி வரை

கோல்டன் ஈகிளைத் தொடங்கியவர் என்.பி.வி. ராமசாமி உடையார். மதுபானத் தொழிலில் பெரும் பொருள் ஈட்டியவர். 1985இல் போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியை நிறுவியவர். சன் டிவி தொடங்கி ஒன்றரை ஆண்டு கடந்த நிலையில், தமிழ்ச் செய்மதி ஒளிபரப்பில் இன்னும் இடம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் பலர் இறங்கினர். ராஜ் டிவியும் 1994இல்தான் வந்தது.

சில ஆண்டுகளுக்குள் அலைவரிசை யுனைட்டட் புரூவரீஸ் குழுமத்தின் தலைவர் விஜய் மல்லையாவிடம் போனது. ‘விஜய்’ என்ற பெயர் அப்போது வந்து ஒட்டியது. அதன் பிறகு எத்தனை உரிமையாளர்கள் வந்தாலும் அந்தப் பெயரை எவரும் அகற்றவில்லை. 1990களின் முடிவில் அலைவரிசை மும்பையின் யூடிவி நிறுவனத்திடம் சென்றது.

யூடிவி மற்ற இருவரைப் போன்றதல்ல. 1990இல் ரொனி ஸ்குருவாலா தொடங்கிய இந்த நிறுவனம் தொடர்கள் தயாரித்தது, மொழிமாற்றம் செய்தது. அத்தோடு பிற அலைவரிசைகளில் நேரத்தை வாங்கி விளம்பரதாரர்களுக்கு விற்கும் தொழிலையும் செய்தது. ஒளிபரப்பும் விளம்பர விற்பனையும் ஒரே கூரையின் கீழ் இருந்த நிறுவனம் அது. ஆயினும் யூடிவியாலும் விஜய்யை நீண்டகாலம் தனித்து நடத்த முடியவில்லை. 2001இல் பெரும்பான்மைப் பங்கு ஸ்டார் நிறுவனத்திடம் போனது.

அலைவரிசை விற்பது எதை?

ஒரு தொலைக்காட்சி அலைவரிசைக்கு இரண்டு வழிகளில் பணம் வருகிறது. ஒன்று விளம்பரம், மற்றது சந்தா. விளம்பரம் பத்து விநாடிக் கணக்கில் விலை பேசப்படுகிறது. அந்தப் பத்து விநாடியின் விலையைத் தீர்மானிப்பது, அந்நேரத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற மதிப்பீடு. இந்தியாவில் 2015 முதல் ‘பார்க்’ என்ற அமைப்பு இந்த மதிப்பீட்டைச் செய்கிறது. தெரிந்தெடுத்த வீடுகளில் சிறு கருவி பொருத்தப்பட்டு, எந்த அலைவரிசை எவ்வளவு நேரம் ஓடியது என்று பதிவாகிறது. வாரந்தோறும் வெளிவரும் அந்த எண்களை வைத்தே ஒரு தொடர் நீடிப்பதும் நிறுத்தப்படுவதும் தீர்மானமாகின்றன.

நேரத்தை விற்பதிலும் இரண்டு முறைகள் உண்டு. முதல் முறையில், தயாரிப்பாளர் அலைவரிசைக்குக் கட்டணம் செலுத்தி அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறார். தன் செலவில் தொடரைத் தயாரித்து, அதற்குள் வரும் விளம்பர நேரத்தைத் தானே விற்கிறார். பார்வையாளர் குறைந்தால் நட்டம் அவருக்கு. சன் டிவி இந்த முறையைப் பெரிய அளவில் கையாண்டு வளர்ந்தது. இரண்டாவது முறையில், அலைவரிசையே பணம் கொடுத்து நிகழ்ச்சியைத் தயாரிக்கச் சொல்கிறது. விளம்பர வருமானமும் நட்டமும் அலைவரிசைக்கே. முதல் முறைக்கு ஏற்கெனவே திரண்ட பார்வையாளர் கூட்டம் வேண்டும். இரண்டாவதற்கு ஆழமான முதல் வேண்டும்.

ஆகவே ஓர் அலைவரிசை விற்கப்படும்போது கமெராக்களும் படப்பிடிப்புக் கூடமும் விலையில் சிறு பகுதியே. வாங்குபவர் உண்மையில் வாங்குவது, இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியைப் போட்டதும் இந்த எண்ணை அழுத்தும் மக்களின் பழக்கத்தை. அந்தப் பழக்கம் இன்னும் உருவாகாத அலைவரிசை என்றால், அதை உருவாக்கும் வாய்ப்பை வாங்குகிறார்.

தனித்து நின்றால் ஏன் தாங்காது?

1990களின் கேபிள், கம்பி வழியே வரும் அனலொக் ஒளிபரப்பு. வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் தெளிவாகக் கிடைத்த எண்கள் குறைவு. முன்வரிசையில் வைத்த அலைவரிசை பளிச்சென்று தெரியும். பின்வரிசைக்குத் தள்ளப்பட்டது புள்ளி விழுந்து இரைச்சலோடு வரும். எதை எங்கே வைப்பது என்பது கேபிள் நடத்துபவரின் கையில் இருந்தது. சென்னையின் கேபிள் விநியோகத்தில் சன் குடும்பத்தின் சுமங்கலி கேபிள் விஷன் முதன்மை பெற்றது. நிகழ்ச்சியைத் தயாரிப்பவரும் அதை வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பவரும் ஒருவரே ஆனபோது, இரண்டாவது அலைவரிசையாக வருபவரின் பாதை குறுகியது.

பின்னர் செய்மதியிலிருந்து நேரே வீட்டில் பெறும் டிடிஎச் தட்டுகள் வந்தன. 2007இல் தமிழ்நாடு அரசு தன் சொந்தக் கேபிள் நிறுவனத்தை அமைத்தது. ஆனால் தனி அலைவரிசையின் நெருக்கடி தீரவில்லை. பல மொழிகளில் பல அலைவரிசைகள் வைத்திருக்கும் நிறுவனம் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிச் சந்தா பேசலாம். கிரிக்கெட் வேண்டுமென்றால் தொடர் அலைவரிசையையும் எடு என்று சொல்லலாம். ஒற்றை அலைவரிசை வைத்திருப்பவருக்கு அந்த வலிமை இல்லை. உடையாரிடமும் மல்லையாவிடமும் பணம் இருந்தது. ஆனால் அவர்கள் கையிலிருந்தது ஓர் அலைவரிசை மட்டும். யூடிவிக்குத் தொழில் தெரிந்திருந்தது. அதனிடமும் கட்டு இல்லை. மூன்று விற்பனைகளுக்கும் அடிப்படையான காரணம் இதுவே.

ஸ்டாரின் கீழ் வளர்ச்சி

ஸ்டாரே ஒருமுறை விலைபோன நிறுவனம்தான். ஹொங்கொங்கின் லீ கா-ஷிங் குடும்பம் தொடங்கிய அதில் 63.6 சதவீதப் பங்கை 1993இல் ரூபர்ட் மேர்டொக்கின் நியூஸ் கோர்ப்பரேஷன் 52.5 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது; இரண்டு ஆண்டுகளில் மீதியையும் வாங்கிக்கொண்டது. 2000 ஜூலையில் அமிதாப் பச்சன் நடத்திய ‘கோன் பனேகா குரோர்பதி’ இந்தியில் ஸ்டாரை உச்சத்துக்கு உயர்த்தியது. அந்த வேகத்தில்தான் அது தமிழுக்கு வந்தது.

தமிழில் எதிரே நின்றது சன் டிவியின் நெடுந்தொடர். 1999இல் ‘சித்தி’, 2002இல் ‘மெட்டி ஒலி’ எனத் தொடங்கிய தொடர்கள் மாலை நேரத்தை ஏற்கெனவே பிடித்திருந்தன. விஜய் டிவி அதே களத்தில் முட்டிமோதாமல், தொடரல்லாத நிகழ்ச்சிகளில் கவனம் வைத்தது. திரைப்படங்களைப் பகடி செய்த ‘லொள்ளு சபா’, 2005இல் ‘கலக்கப் போவது யாரு’, 2006இல் ‘சூப்பர் சிங்கர்’, ‘நீயா நானா’, பள்ளி மாணவரின் கதையான ‘கனா காணும் காலங்கள்’ என அடுத்தடுத்து வந்தன. நடிகர்களையே பார்த்துப் பழகிய திரையில் தெருவில் காணும் முகங்கள் தோன்றின. ‘லொள்ளு சபா’விலிருந்து சந்தானமும், ‘கலக்கப் போவது யாரு’விலிருந்து சிவகார்த்திகேயனும் திரைப்படத்துக்குப் போனார்கள்.

இந்த நிகழ்ச்சிகளுக்கு வணிகத்தில் ஒரு தனி வசதி உண்டு. தொடருக்கு இடையில் விளம்பரம் வரும். போட்டி நிகழ்ச்சியில் விளம்பரதாரரின் பெயர் நிகழ்ச்சியின் பெயரோடே சேர்ந்து வரும். தொலைபேசி நிறுவனம் அனுசரணை கொடுத்ததால் அது பல ஆண்டுகள் ‘எயார்டெல் சூப்பர் சிங்கர்’ என்றே அழைக்கப்பட்டது. மேடை, அறிவிப்பாளரின் வாய், பரிசு, வாக்களிப்பு ஆகிய எல்லா இடத்திலும் அந்தப் பெயர் நின்றது. 2017 ஜூனில் கமல்ஹாசன் நடத்த வந்த ‘பிக் பாஸ்’, நெதர்லாந்தில் 1999இல் உருவான ‘பிக் பிரதர்’ நிகழ்ச்சியின் உரிமம் பெற்ற வடிவம். அப்படியொரு வடிவத்தை வாங்கி நூறு நாள் ஓட்டுவது பெரிய குழுமத்தின் முதலால் மட்டுமே முடியும்.

டிஸ்னியும் ரிலையன்ஸும்

2019 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் டிஸ்னி, மேர்டொக்கின் 21ஆம் செஞ்சுரி ஃபொக்ஸ் நிறுவனத்தின் பெரும்பகுதியை ஏறத்தாழ 7,100 கோடி டொலருக்கு வாங்கியது. ஸ்டார் இந்தியா அதோடு போனது, விஜய்யும் போனது. ஒருகாலத்தில் விஜய்யை விற்ற யூடிவியை டிஸ்னி 2012இலேயே முழுமையாக வாங்கியிருந்தது. விற்றவரும் விற்கப்பட்டதும் ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த மாற்றம் 2024 நவம்பர் 14 அன்று நிறைவேறியது. ரிலையன்ஸின் வயகொம் 18உம் டிஸ்னியின் ஸ்டார் இந்தியாவும் இணைந்து ஜியோஸ்டார் ஆயின. கூட்டு நிறுவனத்தின் மதிப்பு 70,352 கோடி இந்திய ரூபா என அறிவிக்கப்பட்டது; அதில் ரிலையன்ஸ் 11,500 கோடி ரூபா முதலிட்டது. டிஸ்னியிடம் 36.84 சதவீதம் நின்றது. கட்டுப்பாடு ரிலையன்ஸிடம் போனது. 2025 பெப்ரவரியில் இரு தரப்பின் இணையத் தளங்களும் ஜியோஹொட்ஸ்டார் என ஒன்றாயின. தொலைக்காட்சி, இணைய வழி, கைப்பேசி இணைப்பு மூன்றும் ஒரே குழுமத்திடம் திரண்டன. 1990களில் சென்னைக் கேபிளில் கண்ட நிலைமை இப்போது நாடளாவிய அளவுக்கு விரிந்திருக்கிறது.

கணக்கில் வராத கொழும்புத்துறை

1994இல் இந்த அலைவரிசை பிறந்தபோது யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. போர் காரணமாக 1990இலேயே தேசிய மின்வழங்கல் துண்டிக்கப்பட்டிருந்தது. சைக்கிளை நிறுத்திவைத்து, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னில் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. 1980களில் உயரமான அன்ரெனா நட்டுத் தூர்தர்ஷன் பார்த்த வீடுகள் இருட்டில் கிடந்தன. செய்மதி அலைவரிசைகள் இங்கு வீட்டுப் பொருளானது போரின் கெடுபிடி தளர்ந்த பின்னர், கேபிளும் டிஷ் தட்டுகளும் வந்தபோதுதான்.

இன்று பார்வையாளராக யாழ்ப்பாணம் முழுமையாக உள்ளே இருக்கிறது. 2015இல் முடிந்த சூப்பர் சிங்கர் ஜூனியர் போட்டியில் கனடாவில் வளர்ந்த ஈழத்துச் சிறுமி இரண்டாமிடம் பெற்றபோது உலகெங்கும் ஈழத்தமிழர் வாக்களித்தனர். 2019இல் பிக் பாஸ் மூன்றாம் பருவத்தில் இலங்கையிலிருந்து சக்தி டிவியின் செய்தி வாசிப்பாளர் லொஸ்லியாவும் தர்ஷனும் பங்குபற்றினர். ஆனால் ‘பார்க்’ கருவி இந்திய வீடுகளில் மட்டுமே இருக்கிறது. கொழும்புத்துறையில் ஒரு தெரு முழுவதும் பார்த்தாலும் அந்த எண் கூடாது, கைவிட்டாலும் குறையாது. பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்து, விளம்பரத்தில் கண்ட தியாகராய நகர்க் கடையில் கலியாணச் சேலை எடுக்கும் குடும்பத்தின் செலவு அந்தக் கடையின் வரவில் சேர்கிறது. அலைவரிசையின் கணக்கில் அந்தக் குடும்பம் இல்லை. கணக்கில் இல்லாதவருக்காக நிகழ்ச்சி திட்டமிடப்படுவதில்லை.

இலங்கையின் சட்டம்

இலங்கையிலும் அலைவரிசைகள் கைமாறியுள்ளன. 1979 ஏப்ரலில் தனியார் முயற்சியாகத் தொடங்கிய ஐரிஎன் தொலைக்காட்சியை அதே ஆண்டு ஜூன் 5 அன்று அரசு எடுத்துக்கொண்டது. ஈஏபி குழுமத்தின் ஸ்வர்ணவாஹினி, முல்லைத்தீவைப் பிறப்பிடமாகக் கொண்ட அல்லிராஜா சுபாஸ்கரனின் லைக்கா குழுமத்திடம் பின்னாளில் சேர்ந்தது. தனியார் தொலைக்காட்சிக்கான அனுமதிப்பத்திரம் 1982ஆம் ஆண்டின் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் அமைச்சரால் வழங்கப்படுகிறது. 1997இல் அரசு கொண்டுவந்த ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை, அந்தச் சபை அரசிடமிருந்து சுயாதீனமாக இல்லை என்ற காரணத்தால் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

காற்றலை பொதுச் சொத்து என்றால், அதைப் பயன்படுத்தும் நிறுவனம் கைமாறும்போது பொதுமக்களுக்கும் அதில் ஒரு நிலை இருக்கவேண்டும். யார் வாங்குகிறார், அவரிடம் வேறு எந்த ஊடகங்கள் உள்ளன, செய்தியை யார் கட்டுப்படுத்துவார் என்பவை விற்பனைக்கு முன்பே வெளியிடப்படுவதும், சுயாதீனமான ஆணைக்குழு ஒன்று அவற்றைப் பரிசீலிப்பதும் அதற்கான குறைந்தபட்ச ஏற்பாடுகள். பார்வையாளரின் பழக்கமே விலையாகும் தொழிலில், அந்தப் பழக்கத்துக்கு உரியவர்கள் அறியாமல் விற்பனை நடப்பது நியாயமல்ல.