காற்றில் போகும் எழுத்து

கம்பியில்லா விசைப்பலகை வாங்கச் செல்பவர்கள் அதன் நிறத்தையும் விலையையும் பார்க்கிறார்கள். நீங்கள் வேறொன்றையும் கேளுங்கள். விசையை அழுத்தியதும் அந்த எழுத்து எவ்வழியே கணிப்பொறியை அடைகிறது?

ரேடியோ அலையாகத்தான். இதன் அதிர்வெண் ஏறத்தாழ 2.4 கிகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை இதனால் வகுத்துப் பாருங்கள், அலைநீளம் 12.5 செ.மீ. என்று வரும். இவ்வலை உங்கள் கணிப்பொறியை மட்டும் தேடிச் செல்வதில்லை. நாற்புறமும் பரவுகிறது, சுவரையும் கடக்கிறது. பாஸ்டில் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் ஆய்வாளர்கள், புளூடூத் அல்லாத மலிவு விசைப்பலகைகளை ஆராய்ந்து 2016-இல் முடிவை வெளியிட்டனர். 12 தயாரிப்பாளர்களில் 8 பேரின் கருவிகள் எழுத்துகளை மறைக்காமல் அப்படியே ஒலிபரப்பிக்கொண்டிருந்தன! சுமார் 75 மீட்டர் தொலைவிலிருந்தும் அவற்றைப் படிக்கலாமாம். அலுவலகத்தில் தட்டும் கடவுச்சொல் தெருவில் நிற்பவனுக்கும் கிடைத்துவிடும் அல்லவா?

ஆகவே எழுத்தைப் பிறருக்குப் புரியாத வடிவில் மாற்றி அனுப்பும் குறியாக்கம் உண்டா என்று பாருங்கள். பெட்டியின்மேல் 'ஏ.இ.எஸ்.' என்றிருந்தால் நன்று. புளூடூத் விசைப்பலகையை முதலில் இணைக்கும்போது ஆறு இலக்க எண்ணைத் தட்டச் சொல்வதுண்டு. நடுவில் வேறு எவரும் புகாமல் இரு கருவிகளும் இரகசியச் சாவியை ஏற்படுத்திக்கொள்ளவே அந்தச் சடங்கு.

சில சமயம் எழுத்துகள் விட்டுவிட்டு விழும். கணிப்பொறியின் பின்புறம் ஏற்பியைச் செருகியிருந்தால் இரும்புப் பெட்டி அலையை மறைக்கும். பக்கத்தில் இயங்கும் யு.எஸ்.பி. 3 வட்டின் மின்னிரைச்சலும் இதே அதிர்வெண்ணில் குறுக்கிடும். சிறு நீட்டுக் கம்பியால் ஏற்பியை மேசைமேல் கொண்டுவாருங்கள். கம்பியில்லாக் கருவிக்கும் கம்பியா என்று சிரிக்க வேண்டாம்!