கணினியின் வழி அட்டவணை

நம் இல்லங்கள் சிலவற்றில் ஒரே கணினிக்குக் கம்பி வழியே ஓர் இணைய இணைப்பும், கைத்தொலைபேசி வழியே மற்றோர் இணைப்பும் உண்டு. ஒன்று போனால் மற்றது உதவும் என்று நாம் நம்பியிருக்கின்றோம். ஆயினும் இணையவழிப் பரீட்சை நடக்கும் வேளையில் தெருக்கம்பி பழுதுற்றால், தொலைபேசி இணைப்பு நன்றாயிருந்தும் கணினி வாளாவிருப்பதுண்டு. இதன் காரணம் யாது?

கணினி அனுப்பும் செய்தி சிறு பொதிகளாகப் பிரிந்து செல்கின்றது. ஒவ்வொரு பொதியும் 192.168.1.20 என்பது போன்ற முகவரியைத் தாங்கியிருக்கும். அதனை எவ்வழியே அனுப்புவது என்பதைக் கணினி தன்னிடமுள்ள வழி அட்டவணையைப் பார்த்தே தீர்மானிக்கும். தபாற் கந்தோரில் அயற்கிராமங்களுக்குத் தனித்தனிப் பைகளும், ஏனைய ஊர்கள் அனைத்துக்கும் ஒரு பொதுப்பையும் இருப்பதை இதற்கு ஒப்பிடலாம். அட்டவணையில் 0.0.0.0 என்று தொடங்கும் வரியே அப்பொதுப்பையாகும்.

இங்கு விதிகள் இரண்டு. முகவரிக்கு மிக நெருங்கிப் பொருந்தும் வரியே முதலில் கொள்ளப்படும். வீட்டு அச்சுப்பொறிக்குரிய பொதி வெளியே செல்லாதிருப்பது இதனாலேயே. இரண்டு வரிகள் சமமாகப் பொருந்தினால், மெட்ரிக் எனப்படும் எண் எதற்குக் குறைவோ அவ்வழி தெரிவாகும். கம்பிக்கு 25, தொலைபேசிக்கு 50 எனின், கம்பியே வெல்லும்.

தெருக்கம்பி பழுதுற்றாலும், கணினிக்கும் வீட்டிலுள்ள இணையப் பெட்டிக்கும் இடையிலான கம்பி நலமாகவே இருக்கின்றது. ஆதலால் அவ்வரி அட்டவணையினின்று நீங்குவதில்லை. பொதிகள் அப்பெட்டி வரை சென்று வீணாகின்றன. கணினியிலிருந்து அக்கம்பியைக் கழற்றினால் வரி நீங்கும். அடுத்த வழி தானே தெரிவாகும். பரீட்சை வேளையில் இதுவே விரைவான பரிகாரம்.

தொலைபேசி வழியை என்றும் முதன்மையாக்க விரும்புவோர், விண்டோஸில் அவ்விணைப்பின் தானியங்கு மெட்ரிக்கை நீக்கிச் சிறிய எண்ணை இடலாம். ஆனால் அளவிட்டுக் கட்டணம் அறவிடும் இணைப்பாயின், நாம் அறியாமலே செலவு பெருகும். அலுவலகக் கணினியில் இவற்றை மாற்றுதல் தகாது.

மாணவச் செல்வங்களே! விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் 'ரூட் பிரிண்ட்' என்னும் இரு ஆங்கிலச் சொற்களை இட்டால் இவ்வட்டவணை தோன்றும். அக்கட்டளை எதனையும் மாற்றாது, காட்டுவது மட்டுமே. பெற்றோருடன் அமர்ந்து, 0.0.0.0 என்னும் வரிகள் எத்தனை, அவற்றுள் குறைந்த மெட்ரிக் எதற்கு என்று பரீட்சைக்கு முன்னரே கண்டறிந்து வைத்திருங்கள்.