பழைய கேமராவை மாற்ற வேண்டுமா? சிராங்கூன் சாலையில் ஒரு சோதனை

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தைவிட்டு இரவில் வெளியே வந்தால், கழுத்தில் கேமரா மாட்டிய மாணவர்கள் நிச்சயம் கண்ணில் படுவார்கள். பலர் கையில் இருப்பது அண்ணனிடமிருந்தோ சித்தப்பாவிடமிருந்தோ கைமாறி வந்த பழைய கேமரா. சிராங்கூன் சாலையின் அலங்கார வளைவுகளுக்குக் கீழே நின்று ஆசையாகப் படமெடுத்துவிட்டு, வீட்டில் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் முகங்களில் மணல் தூவியதுபோல் புள்ளிகள். சில படங்களில் மேற்பாதி பளிச்சென்றும் கீழ்ப்பாதி மங்கலாகவும் இருக்கும். காவடி எடுத்து வருபவரின் முகம் கலங்கி, அவருக்கு முன்னால் இருக்கும் மயிலிறகு மட்டும் தெளிவாக விழுந்திருக்கும் தைப்பூசப் படங்களும் உண்டு.

உடனே எழும் கேள்வி: புது கேமரா வாங்கினால் இதெல்லாம் சரியாகிவிடுமா? புதிய கேமரா பாடி ஒன்றின் விலை எளிதில் ஆயிரம் வெள்ளியைத் தாண்டிவிடும். பல ஆண்டு சேமிப்பு ஒரே நாளில் கரையக்கூடிய முடிவு என்பதால், விளம்பரத்தைக் கேட்பதைவிட இயற்பியலைக் கேட்பது நல்லது.

பேச்சுக்கு ஓர் உண்மையான கேமராவை எடுத்துக்கொள்வோம். 2014இல் வெளிவந்த சோனி ஏ6000. கண்ணாடியில்லாத, அதாவது ‘மிரர்லெஸ்’ வகையைச் சேர்ந்தது. பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் லென்ஸ் வழியாக வரும் ஒளியை ஒரு சிறு கண்ணாடி மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். ஷட்டரை அழுத்தும்போது அந்தக் கண்ணாடி எகிறி விலகும். 2008இல் பானசோனிக் வெளியிட்ட ஜி1 கேமராவிலிருந்து அந்தக் கண்ணாடிக்கு வேலையில்லாத ஒரு குடும்பமே வளர்ந்தது. ஒளி நேராகச் சென்சார்மீது விழும்; சென்சார் பார்ப்பதையே நாமும் ஒரு சிறு திரையில் பார்க்கிறோம். ஏ6000இன் சென்சாரில் 2 கோடியே 43 லட்சம் பிக்சல்கள், அதாவது 24.3 மெகாபிக்சல். அதே வரிசையில் 2023இல் வந்த ஏ6700இல் 26 மெகாபிக்சல். இரண்டும் நொடிக்கு 11 படங்கள் வரை எடுக்கும். ஒன்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகும் அந்த எண் அப்படியே இருப்பது எனக்கே வியப்பாக இருந்தது.

மெகாபிக்சலைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 24.3இலிருந்து 26க்குப் போனால் படத்தின் அகலத்தில் கூடும் பிக்சல்கள் 3 விழுக்காடுதான் (6,000லிருந்து 6,192). ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் அச்சிட 9 மெகாபிக்சலுக்கும் குறைவாகவே போதும். பள்ளி அறிவிப்புப் பலகைக்கு 2014இன் கேமரா தாராளம்.

புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன?

வீவக புளோக்கின் கீழே நின்றுகொண்டு மழை தொடங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் சில நொடிகளில் வெளியே உள்ள நடைபாதைக் கற்களைப் பாருங்கள். ஒரு கல்லில் மூன்று துளி, பக்கத்துக் கல்லில் ஏழு, அடுத்ததில் ஒன்றுமேயில்லை. மழை எல்லாக் கற்களுக்கும் பொதுவாகத்தான் பெய்கிறது. ஆனாலும் எண்ணிக்கை ஒன்றுபோல் இல்லை. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் எல்லாக் கற்களும் ஒரே மாதிரி நனைந்திருக்கும்.

ஒளியும் இப்படித்தான் துளித்துளியாக வருகிறது. அந்தத் துளியின் பெயர் ஃபோட்டான். சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் ஒரு நடைபாதைக் கல். ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 ஃபோட்டான்கள் பதிவானால், ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 100. இது 1 விழுக்காடு, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 100 ஃபோட்டான்களே பதிவானால் ஏற்ற இறக்கம் 10. இப்போது அது 10 விழுக்காடு. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் இவ்வளவு வேறுபட்டால் கன்னத்தில் மணல் தூவியதுபோல்தான் தெரியும். இதைப் படத்தின் ‘இரைச்சல்’ என்கிறார்கள்.

கவனியுங்கள், இந்த இரைச்சல் பெரும்பாலும் கேமராவின் குறையே அல்ல. ஒளியின் இயல்பு அது. எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்த வர்க்கமூலத்திலிருந்து தப்ப முடியாது. கூடுதல் ஃபோட்டான்களைப் பிடிப்பது ஒன்றே வழி.

ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டினால் சென்சார் அதிக ஒளியைப் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பிடித்த ஒளிக்கான மின்குறிப்பைக் கேமரா பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். வானொலியின் ஒலியைக் கூட்டுவதுபோல: பாட்டும் கூடும், கரகரப்பும் கூடும்.

அப்படியானால் புதிய சென்சார் கூடுதலாகப் பிடிக்காதா? கொஞ்சம் பிடிக்கும். ஏ6000 போன்ற பழைய சென்சார்களில் ஒளியை உணரும் பகுதிக்கு மேலே நுண்ணிய உலோகக் கம்பிகள் ஓடும். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழிகளில் துணி காயப்போட்ட வீட்டுக்குள் வெளிச்சம் குறைவதுபோல, அந்தக் கம்பிகள் ஒளியின் ஒரு பகுதியைத் தடுக்கும். ஏ6700 உள்ளிட்ட புதிய சென்சார்களில் சில்லையே திருப்பிவிட்டார்கள். கம்பிகள் பின்பக்கம், ஜன்னல் முன்பக்கம். கைப்பேசிக் கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டியே இருப்பதால் இந்த மாற்றம் அதற்குப் பெரிய வரம். ஏ6000இன் பிக்சலோ சுமார் 4 மைக்ரோமீட்டர் அகலம். பெரிய ஜன்னலில் நாலு கழி குறுக்கே இருந்தாலும் வெளிச்சம் ஓரளவு வந்துவிடும். பத்தாண்டுக்கு முந்தைய நல்ல சென்சார்களே தங்கள்மீது விழும் பச்சை ஒளியில் ஏறக்குறைய பாதியைப் பிடித்துவிட்டன. நாளைக்கு ஒருவர் அத்தனை ஃபோட்டானையும் பிடிக்கும் சென்சாரைக் கண்டுபிடித்தாலும் லாபம் இரண்டு மடங்குதான். புகைப்படக்காரர்கள் இதை ஒரு ‘ஸ்டாப்’ என்பார்கள்.

இப்போது லென்ஸுக்கு வருவோம். ஏ6000உடன் பெரும்பாலும் சேர்த்து விற்கப்பட்டது 16-50 மிமீ லென்ஸ். அதை 50 மிமீக்கு நீட்டினால் அதன் துளை எஃப்/5.6க்கு மேல் திறக்காது. அதற்குப் பதிலாக 50 மிமீ எஃப்/1.8 லென்ஸ் ஒன்றைப் பொருத்தினால்? நுழையும் ஒளி இந்த இரண்டு எண்களின் விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 5.6ஐ 1.8ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள்: 9.7 மடங்கு! மூன்று ஸ்டாப்புக்கும் மேல். ஐஎஸ்ஓ 6400 தேவைப்பட்ட அதே இடத்தில் 800க்கும் கீழே போதும். சென்சாரை மாற்றிப் பெறக்கூடிய அதிகபட்ச லாபம் இரண்டு மடங்கு. சில நூறு வெள்ளி லென்ஸ் தருவது கிட்டத்தட்ட பத்து மடங்கு.

இலவசமாக அல்ல. துளை அகன்றால் தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். இந்த லென்ஸை முழுதாகத் திறந்து 3 மீட்டர் தூரத்தில் நிற்பவரைப் படமெடுத்தால், முன்னும் பின்னுமாகக் கால் மீட்டர் அளவுதான் தெளிவாக இருக்கும். ஒருவருடைய முகத்துக்கு இது அழகு. பின்னால் உள்ள விளக்குகள் வண்ண வட்டங்களாகக் கரைந்துவிடும். குடும்பமே இரண்டு வரிசையாக நின்றால் பாட்டி தெளிவாகவும் பேரன் கலங்கியும் வருவான்.

‘ஃபுல் ஃபிரேம்’ கேமராவுக்குத் தாவலாமா என்று கேட்பவர்களுக்கும் கணக்கு எளிது. அதன் சென்சார் 36க்கு 24 மிமீ. ஏ6000இன் சென்சார் 23.5க்கு 15.6 மிமீ. பரப்பளவு விகிதம் சுமார் 2.4. லாபம் உண்மையானது. ஆனால் லென்ஸ்களையும் பெரிதாக வாங்கவேண்டியிருக்கும், தோளில் அதிக எடையையும் சுமக்கவேண்டும்.

பாதி இருட்டான படம்

மேற்பாதி வெளிச்சம், கீழ்ப்பாதி மங்கல் என்ற கோளாறுக்குக் காரணம் கேமராவே அல்ல, சிங்கப்பூரின் மின்சாரம். இங்கு மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் இரண்டு முறை உச்சத்தைத் தொடுவதால், எளிய மின்சுற்று கொண்ட எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். நம் கண்ணுக்கு அது தெரியாது. ஷட்டருக்குத் தெரியும்.

1/500 நொடியில் படமெடுக்கும்போது சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் ஒளியைப் பார்ப்பதில்லை. ஷட்டரின் இரண்டு திரைகளுக்கு இடையிலுள்ள ஒரு குறுகிய இடைவெளி சென்சாரின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஓடுகிறது. ஏ6000இல் அந்த ஓட்டத்துக்குச் சுமார் 1/160 நொடி ஆகிறது. அதற்குள் விளக்கு உச்சத்திலிருந்து அடிக்கு இறங்கிவிட்டால், படத்தின் ஒரு பகுதி ஒளிமிக்க கணத்தையும் மறுபகுதி மங்கிய கணத்தையும் பதிவு செய்யும். தீர்வு: ஷட்டரை 1/100 அல்லது 1/50க்கு வையுங்கள். அப்போது ஒவ்வொரு வரிசைப் பிக்சலும் முழுதாக ஒன்றோ இரண்டோ சுழற்சியைப் பார்த்துவிடும்; வெளிச்சம் சமமாகிவிடும். செலவு ஒரு காசுமில்லை. (விளக்கின் மங்கலைக் கட்டுப்படுத்த வேறு வேகத்தில் அணைந்தெரியும் எல்இடிகளும் உண்டு. அவற்றுக்கு வேறு வேகங்களை முயன்று பார்க்கத்தான் வேண்டும்.)

மயிலிறகும் முகமும்

பழைய கேமராவுக்காக நான் வாதாடுவதுபோல் தோன்றலாம். ஆனால் தைப்பூசம் வேறு கதை. சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் நள்ளிரவையொட்டிப் பால்குடங்கள் கிளம்புகின்றன. டேங்க் ரோட்டில் உள்ள ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை சுமார் 3 கிலோமீட்டர் ஊர்வலம். காவடி எடுப்பவர் நடந்துகொண்டும் ஆடிக்கொண்டும் வருவார். மயிலிறகுகள் முகத்துக்கு முன்னே அசையும்.

ஒரு விரலை முகத்துக்கு முன் நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப்பாருங்கள். விரல் தாவுகிறதல்லவா? கேமராவும் லென்ஸின் இரு ஓரங்களிலிருந்து வரும் ஒளியை ஒப்பிட்டு, இரண்டுக்கும் உள்ள விலகலைக்கொண்டு தூரத்தைக் கணிக்கிறது. இதைச் செய்யும் புள்ளிகள் ஏ6000இல் 179, ஏ6700இல் 759. ஆனால் தூரத்தை அளப்பதைவிட எதன் தூரத்தை அளப்பது என்பதுதான் கடினம். பழைய கேமராவுக்கும் முகத்தை அடையாளம் காணத் தெரியும். பாதி மறைந்த, திரும்பிய, அசைகிற முகத்தில் அது தடுமாறி, கிட்டே பளிச்சென்று இருக்கும் இறகைப் பிடித்துக்கொள்ளும். புதிய கேமராக்களில் ஏராளமான படங்களைக் கொண்டு பழக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவுச் சில்லு, தலை, கழுத்து, தோள் இருக்கும் விதத்தைப் பார்த்தே இது மனிதர் என்று ஊகித்துக் கண்ணைத் தொடர்கிறது. இதை லென்ஸாலோ ஷட்டர் வேகத்தாலோ ஈடுசெய்ய முடியாது. பூப்பந்து, காற்பந்து எடுப்பவர்களுக்கும் அப்படியே.

புதிய பாடிக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பை மட்டும் சற்றுச் சந்தேகத்தோடு பாருங்கள். ஏ6700இன் சென்சார் கை நடுக்கத்துக்கு எதிர்த்திசையில் நகர்ந்து 5 ஸ்டாப் வரை உதவும் என்கிறது சோனி. 1/60 நொடியில் எடுக்கவேண்டியதை அரை நொடியில் எடுக்கலாம். அலங்கார வளைவு தெளிவாக வரும். அரை நொடியில் நடந்துபோகும் மக்கள் பேய்போல் இழுபட்டிருப்பார்கள். உங்கள் கை ஆடுவதைத்தான் கேமரா நிறுத்தும், அவர்கள் நடப்பதை அல்ல. நான் முன்பு சொன்ன 50 மிமீ லென்ஸிலேயே அதிர்வுத் தடுப்பு உள்ள வகை சோனியிடம் உண்டு; பெயரில் ‘ஓஎஸ்எஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். ஏறக்குறைய அதே பெயரில் அது இல்லாத லென்ஸும் விற்கிறது.

ஆக, கடைக்குப் போகுமுன் ஒரு சோதனை. கடைசியாக எடுத்தவற்றில் கெட்டுப்போன 50 படங்களை ஒதுக்குங்கள். ஒவ்வொன்றும் ஏன் கெட்டது என்று ஒரே ஒரு காரணத்தை எழுதுங்கள்: புள்ளி, கை நடுக்கம், ஆள் அசைந்தது, தவறான இடத்தில் ஃபோகஸ், ஒளிப் பட்டை. கோப்பின் விவரத்தில் ஷட்டர் வேகமும் எஃப் எண்ணும் பதிவாகியிருக்கும். அதையும் பக்கத்தில் குறியுங்கள். புள்ளிகள்தான் அதிகம் என்றால் லென்ஸ். பட்டையும் அசைவும் என்றால் பழக்கம். ஃபோகஸ் தவறியவை பாதிக்கு மேல் இருந்து, அவை நீங்கள் விட்டுவிட முடியாத வகைப் படங்களாகவும் இருந்தால், பாடியை மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. ஷட்டர் பழுது, 4கே காணொளி போன்ற தேவைகளும் அப்படித்தான்.

அப்போதும் வாங்கிய லென்ஸ் வீணாகாது. 2010இல் சோனி அறிமுகப்படுத்திய அதே இ-மவுண்ட் பொருத்திதான் ஏ6700இலும் இருக்கிறது. சிட்டி ஹால் நிலையத்துக்கு அருகிலுள்ள பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமராக் கடைகள் இருக்கின்றன. உங்கள் பாடியைக் கொண்டுபோய், வாங்க நினைக்கும் லென்ஸை மாட்டி, கடைக்குள்ளேயே இருட்டான மூலையில் நாலு படம் எடுத்துப்பார்க்கக் கேளுங்கள். பழைய லென்ஸாக இருந்தால் அதன் வழியே ஒரு கைவிளக்கை அடித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் கண்ணாடிமீது சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.