பிச்சைக்கு உதவாத கையைத் தந்த டாக்டர்!

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் கைதான் சோறு போடுகிறது. தோலைத் தடவிப் பார்த்தே பதம் சொல்லும் விரல்கள் இங்கே உண்டு. அந்த விரல் மடங்கிப் போனால்?

அப்படி மடங்கிய கைகளை நிமிர்த்தியவர்தான் டாக்டர் பால் பிராண்ட். அவர் வேலூரை விட்டுப் போய் 50 வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் கைவேலைப் பேச்சு நிற்கவில்லை.

உளி பிடித்த கை

வெள்ளைக்காரர் என்றாலும் பிறந்தது நம் கொல்லிமலையில், 1914-ல். தகப்பனார் பாதிரியார். 9 வயதில் பையனைப் படிக்க இங்கிலாந்து அனுப்பினார்கள்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் அவர் எடுத்தது ஆபரேஷன் கத்தியை அல்ல, உளியை! தச்சு வேலை, கொத்து வேலை எல்லாம் பழகினார். டாக்டர் படிப்பு அதற்கப்புறம்தான். 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

மறு வருஷம் செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனார். ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது!

செத்துவிட்டது என்று ஊர் கைகழுவிய கைக்குள் இவ்வளவு பலமா? யோசித்தார். உள்ளங்கைச் சிறு தசைகள்தான் செயலிழந்திருந்தன. முழங்கைக்குக் கீழே நல்ல தசை பாக்கி இருந்தது. அந்தத் தசையின் நாணைத் திருப்பி விரலோடு இணைத்தால் என்ன?

1948-ல் வேலூரில் ஆபரேஷன் நடந்தது. விரல் நிமிர்ந்தது!

வந்தது புகார்!

ஆபரேஷன் ஜெயித்தது. ஆனால் கை சரியான ஒருவர் திரும்பி வந்து டாக்டரிடமே குறைப்பட்டார். இந்தக் கை பிச்சைக்கு உதவவில்லையாம்! முன்பு மடங்கிய கையைப் பார்த்துக் காசு போட்டவர்கள் இப்போது போடுவதில்லை. தொழுநோய் வந்தவர் என்று தெரிந்தால் யாரும் வேலையும் கொடுப்பதில்லை.

டாக்டருக்குச் சுருக்கென்றது. 1951-ல் "நவஜீவ நிலையம்" பிறந்தது. தான் கற்ற தச்சு வேலையையே அங்கே சொல்லிக் கொடுத்தார். நிமிர்ந்த விரல்கள் மர பொம்மை செய்தன.

எலி கடித்த விரல்

தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விரல் உதிரும் என்றுதான் உலகமே நம்பியது. பிராண்ட் நம்பவில்லை. ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்.

ராத்திரியில் விரல் காணாமல் போவது எப்படி? காவல் இருந்து பார்த்தபோது குட்டு உடைந்தது. எலி! உணர்ச்சி இல்லாததால் கடித்தது தெரியவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்குப் போகும் நோயாளிக்குப் பூனையும் கொடுத்து அனுப்பினார்கள்.

காலுக்குப் பகை செருப்பு ஆணி. குத்தினாலும் தெரியாது, நடந்துகொண்டே இருப்பார்கள், புண் எலும்பு வரை போகும். செருப்புத் தைப்பதும் டாக்டர் வேலையாயிற்று. ஆணியே இல்லாமல், மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்பு தயாரானது.

இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கிறார்களே "எம்.சி.ஆர்." செருப்பு, அதே ரப்பர்தான்! உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் இந்தப் பகுதிக்கு இதைவிடப் பெருமை வேறென்ன?

நாற்காலியில் அமர்ந்து ஆபரேஷன்

வித்தையை அவர் ஒளித்து வைக்கவில்லை. 1954-ல் வண்டி விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார் இளம் டாக்டர் மேரி வர்கீஸ். இனி ஆபரேஷன் ஏது என்று எல்லோரும் நினைத்தார்கள். கை ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாமே என்றார் பிராண்ட்.

சக்கர நாற்காலியில் இருந்தபடியே எத்தனையோ கைகளைச் சரிசெய்தார் மேரி. 1972-ல் பத்மஸ்ரீ பட்டம் வந்தது. பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு மையம் இன்று அவர் பேரைச் சொல்கிறது.

1966-ல் அமெரிக்கா போன பிராண்ட் 2003-ல் காலமானார்.

கெட்டிக்கார டாக்டர்கள் எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். இவர் பேர் மட்டும் ஏன் நிலைத்தது? ஆபரேஷனோடு வேலை முடிந்தது என்று இவர் கை கழுவவில்லை. அந்தக் கை உழைத்துச் சாப்பிடும் வரை கூடவே போனார்.