பேஸ்மேக்கரோடு படியேறலாம், பந்தும் வீசலாம்

தம்புள்ளைக் குகை விகாரைக்குப் படியேறும்போது இதயம் வேகமாகத் துடிக்க வேண்டும். இறங்கும்போது அவ்வளவு வேகம் தேவையில்லை. ஆனால், உடல் அசைவை உணர்ந்து வேகத்தை மாற்றும் பேஸ்மேக்கர்கள் 1980களில் வந்தபோது, பலருக்கு இது தலைகீழாக நடந்தது. ஏறுகிறவர் மெல்லக் காலூன்றி ஏறுவார். உடம்பு அதிகம் குலுங்காது. இறங்கும்போதோ ஒவ்வொரு படியிலும் உடம்பின் பாரம் தொம்மென்று விழும். உழைப்பை அளக்க வேண்டிய கருவி குலுக்கலை அளந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்க ஏறுகிறவருக்கு வேகம் போதவில்லை. சும்மா இறங்குகிறவருக்கு வேகம் கூடியது.

இன்றைய கருவிகள் எவ்வளவோ தேறிவிட்டன. ஆனாலும் அந்த அனுபவம் சொல்லும் பாடம் மாறவில்லை: பேஸ்மேக்கரை ஒவ்வொருவரின் நடமாட்டத்துக்கும் ஏற்ற மாதிரி அமைக்க வேண்டும். அப்படி அமைத்துவிட்டால், "இனி ஓடியாடித் திரியாமல் ஒரு பக்கமாக இருங்கள்" என்று வீட்டார் அன்போடு சொல்லும் புத்திமதி பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. அதைக் கேட்டு உட்கார்ந்துவிட்டால் தசை தளரும், எடை கூடும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும். இதயத்துக்குக் கேடு அங்கிருந்துதான் வரும்.

கருவி என்ன செய்கிறது?

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்ற சிறு திசு இருக்கிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை மின்துடிப்புகளை அது உண்டாக்கும். ஓடும்போது 150ஐயும் தாண்டும். இந்தக் கணு சோர்ந்தாலோ, மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்பாதை அடைபட்டாலோ துடிப்பு 40, 30 என்று இறங்கி, தலைசுற்றலும் மயக்கமும் வரும். காரை எலும்புக்குக் கீழே தோலடியில் வைக்கப்படும் பேஸ்மேக்கர், நாளம் வழியாக இதயத்துக்குள் செல்லும் மெல்லிய கம்பியால் துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்கும். இயல்பான துடிப்பு உரிய நேரத்தில் வராவிட்டால் தானே ஒன்றைக் கொடுக்கும்.

கணு நன்றாக இருந்து பாதை மட்டும் அடைபட்டவர்களுக்கு, கருவி மேலறையின் வேகத்தைப் பின்பற்றிக் கீழறையை இயக்கும். அதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அது நிமிடத்துக்கு 130 என்று வைக்கப்பட்டிருக்க, ஓர் இளைஞர் வேகமாக ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலறையின் வேகம் வரம்பைக் கடந்து மேலும் ஏறினால், ஒரு கட்டத்தில் கருவி இரண்டு துடிப்புகளில் ஒன்றை மட்டுமே கீழே அனுப்பும். நாடி திடீரெனப் பாதியாகும். கால் ஓயும், கண் இருளும். வைத்தியர் வரம்பை உயர்த்தினால் பல நேரம் தீர்ந்துவிடும் சிக்கல் இது.

கணுவே சோர்ந்தவர்களுக்குக் கருவிதான் உழைப்பைக் கணிக்க வேண்டும். அசைவை உணரும் கருவி நடைக்கும் ஓட்டத்துக்கும் நன்றாக ஈடுகொடுக்கும். சைக்கிள் ஓடும்போது கால்கள் உழைக்க, நெஞ்சு அசையாமல் இருப்பதால் சில வேளை ஏமாந்துபோகும். சில கருவிகள் மூச்சின் வேகத்தையும் அளக்கும். இந்த அமைப்புகளை மாற்ற மறுபடி சத்திரசிகிச்சை வேண்டாம். கிளினிக்கில் வெளியிலிருந்தே மாற்றலாம்.

முதல் வாரங்கள்

கம்பியின் நுனி இதயத் தசையில் நன்றாகப் பதிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. பாரமும் தூக்கக் கூடாது. அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். மெதுவான நடையை வைத்தியர் சம்மதித்ததும் தொடங்கலாம். தம்புள்ளை வெயிலில் காலையும் மாலையுமே அதற்கு உகந்தவை.

துடுப்பும் பந்தும் மூட்டையும்

2001 முதல் சர்வதேச கிரிக்கெட் நடக்கும் ரங்கிரி மைதானம் உள்ள தம்புள்ளையில், பையன்கள் முதலில் கேட்பது கிரிக்கெட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும். கருவி பெரும்பாலும் இடது பக்கத்தில் வைக்கப்படுகிறது. வலக்கைத் துடுப்பாட்டக்காரர் பந்துவீச்சாளருக்குக் காட்டி நிற்பதும் இடது தோளைத்தான். கடினபந்து நேரே அங்கு பட்டால் கருவியோ கம்பியோ சேதமடையலாம். அதனால் நெஞ்சுக் காப்பு அவசியம். மென்பந்து கிரிக்கெட்டில் ஆபத்து குறைவு. இடக்கையால் பந்து வீசுகிறவர் அதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கருவியை வலது பக்கத்தில் வைக்க முடியும். ஏனெனில், கருவி உள்ள பக்கத்துக் கை ஓயாமல் தலைக்கு மேலே சுழலும்போது, காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையில் கம்பி நசுங்கி நாளடைவில் பழுதாகலாம்.

ரக்பி, குத்துச்சண்டை, கபடி போல மோதி விளையாடுபவற்றை, முழுக்க முழுக்கக் கருவியை நம்பியே இதயம் துடிக்கிறவர்கள் தவிர்ப்பதே நல்லது. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மூட்டை சுமக்கும் நாட்டாமித் தொழிலாளர்களுக்கும் இதே கவனம் வேண்டும். கருவி இருக்கும் பக்கத்துத் தோளில் மூட்டை ஏற்றலாமா என்பது அவர்களின் பிழைப்பைப் பற்றிய கேள்வி.

டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூன் 12 அன்று மைதானத்திலேயே சரிந்தார்; பிறகு மீண்டு வந்து 2024 யூரோ போட்டியில் கோலும் அடித்தார். அவர் நெஞ்சில் இருப்பது பேஸ்மேக்கர் அன்று. ஆபத்தான துடிப்பு வந்தால் மின்னதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் ஐசிடி என்ற கருவி. அதை வைத்திருப்பவர்கள் விளையாடலாமா என்பதை இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். எந்தக் கருவியானாலும், அதை வைக்கக் காரணமான இதயநோய் எது என்பதைப் பொறுத்தே அனுமதி அமையும்.

பேஸ்மேக்கரோடு நெடுங்காலம் வாழ முடியும் என்பதற்குச் சான்று, உடலுக்குள் அது பொருத்தப்பட்ட முதல் மனிதரான சுவீடனின் ஆர்னே லார்சன். 1958 அக்டோபர் 8 அன்று பொருத்திய முதல் கருவி சில மணி நேரத்தில் நின்றுபோனது. அதன் பிறகு எத்தனையோ கருவிகளை மாற்றி, தமக்குச் சத்திரசிகிச்சை செய்த வைத்தியரையும் கருவியைச் செய்த பொறியியலாளரையும் விட நீண்ட காலம் இருந்து, 2001இல் 86 வயதில் காலமானார்.

கிளினிக்கில் சொல்லுங்கள்

தம்புள்ளையிலிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கு 70 கிலோமீற்றருக்கு மேல். அவ்வளவு தூரம் போய்க் கூட்டத்தில் காத்திருந்து உள்ளே நுழையும்போது, சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துவிடும். முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன வேலை, என்ன விளையாட்டு, எந்தக் கை, எந்த வேகத்தில் மூச்சு வாங்குகிறது, படியேறும்போதா சைக்கிளிலா. ஓடும்போது தலை சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ, கருவி உள்ள இடம் சிவந்து வீங்கினாலோ அடுத்த கிளினிக் திகதிக்காகக் காத்திருக்காமல் உடனே போங்கள். நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் வைத்தியர் கருவியை உங்களுக்கு ஏற்றபடி அமைக்க முடியும். அவர் கேட்க மறந்தால் நீங்களே சொல்லுங்கள்.