பழைய மோட்டார் வண்டிக்கு மின்சாரம்

கிணற்றின்மேல் புகை கக்கிக்கொண்டிருந்த ஆயில் எஞ்சினை இறக்கிவிட்டு, அவ்விடத்தில் மின்சார மோட்டாரை ஏற்றிய காட்சி நம் விவசாய அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. பம்பு அதுவே, குழாயும் அதுவே. இயக்கும் சக்தி மட்டும் மாறிற்று. கள்ளிக்குப்பத்தில் வீட்டு வாயிலில் துணி போர்த்தி நிற்கும் பழைய மாருதி 800 வண்டிக்கும் அதே வைத்தியத்தை வீட்டிலேயே செய்தாலென்ன என்று அன்பர் சிலர் வினவுகின்றனர்.

வினா நியாயமானதே. பெட்ரோல் முடங்கியபோதெல்லாம் நம்மவர் சும்மா இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டி.வி.எஸ். நிறுவனத்தார் கரிவாயுச் சாதனம் செய்து வண்டிகளை ஓடச் செய்தனர். 1990-களில் பொருளாதாரத் தடைக்கு உட்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், சில துளி பெட்ரோலைக் கொண்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயிலேயே பழைய மோட்டார்களை ஓட்டினர். நமக்கோ சில மைல் தொலைவிலேயே, 1964-ல் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டை இருக்கிறது.

கைவேலையைப் பொறுத்தவரை பெரிய மர்மம் எதுவுமில்லை. எஞ்சின், ரேடியேட்டர், சைலன்ஸர், பெட்ரோல் தொட்டி ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, கியர்ப் பெட்டியை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். அதனுடன் மின்சார மோட்டாரைப் பொருத்த ஓர் இடைத்தகடு வேண்டும். நல்ல லேத் பட்டறை அதைக் கடைந்து தரும். அச்சு மட்டும் மயிரிழையும் பிசகக்கூடாது. சிலர் மறந்துவிடும் சங்கதி ஒன்றுண்டு. பிரேக்கை இலேசாக்கும் பூஸ்டர் உள்ள வண்டிகளில், அதற்கான வெற்றிடம் எஞ்சினிலிருந்தே வருகிறது. எஞ்சின் போனால் அதுவும் போகும். தனியாக ஒரு மின்சார வெற்றிடப் பம்பு வைக்காவிட்டால், வண்டி ஓடும். ஆனால் நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்பது கடினம்.

கிணற்று மோட்டாருக்கும் இதற்கும் உள்ள பெரிய வேற்றுமை வேறிடத்தில் இருக்கிறது. கிணறு கம்பியோடு கட்டுண்டு நிற்கிறது. வண்டியோ தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே சுமந்து செல்ல வேண்டும். சிறிய கார் 100 கிலோமீட்டர் ஓடச் சுமார் 12 யூனிட் தேவை. 1859-ல் பிரெஞ்சுக்காரர் பிளாண்டே கண்டுபிடித்த ஈய பாட்டரியில், ஒரு கிலோ எடைக்கு 30 முதல் 40 வாட்-மணி வரையே அடங்கும். ஆகவே 350 கிலோ பாட்டரி வேண்டும். அதையும் முழுதும் வடித்தால் சீக்கிரம் கெடும். பாதியோடு நிறுத்துவதாயின் 700 கிலோ. மாருதி 800 வண்டியின் எடையே ஏறக்குறைய 650 கிலோ! குதிரையின்மேல் குதிரையை ஏற்றிய கதைதான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியானால் 120 முதல் 150 கிலோவில் காரியம் முடியும். ஆனால் செலவின் பெரும்பங்கை அதுவே விழுங்கும்.

இங்கேதான் வீட்டு முயற்சிக்கு நாம் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. 72 வோல்ட் பாட்டரித் தொகுதியிலிருந்து நூறு ஆம்பியருக்கு மேல் பாயும். நேர்மின்னோட்டத்தில் தீப்பொறி எழுந்தால், வீட்டு மின்சாரத்தில் அணைவதுபோல் எளிதில் அணையாது. 2015-லும் 2023-லும் அம்பத்தூர், கொரட்டூர்ப் பகுதிகளில் வெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை. பாட்டரிப் பெட்டி நீர் புகாததாக இருக்க வேண்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாதென 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு கூறுகிறது. 2016-ல் மத்திய விதிகளைத் திருத்தி, மின்சாரத்துக்கு மாற்றும் சாதனத் தொகுதிகளுக்கு வழி திறந்தனர். ஆனால் அத்தொகுதி சோதனை நிலையத்தில் தேறி அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அனுமதி பெற்றவரே பொருத்த வேண்டும். பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவும் மாற வேண்டும். தாமே கூட்டிச் சேர்த்த வண்டியைச் சாலையில் ஓட்டி விபத்து நேர்ந்தால், இன்ஷ்யூரன்ஸ் பணத்தை நம்பியிருக்க முடியாது. பல லட்சம் போட்ட குடும்பம் தெருவில் நிற்கும்.

சரி, முறைப்படியே செய்தால் கட்டுமா? லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால், 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 650 ரூபாய் ஆகும். மின்சாரம், சார்ஜ் செய்வதில் வீணாவதையும் சேர்த்து 14 யூனிட். யூனிட் 10 ரூபாயென்றாலும் 140. மிச்சம் 500 ரூபாய். மாற்றும் செலவு 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அது மீள 80,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். நாள்தோறும் 20 கிலோமீட்டர் ஓடும் வீட்டுக் காருக்குப் பதினோரு ஆண்டுகள்! பழைய தகரம் அதுவரை தாங்குமா என்பது வேறு கேள்வி. நூலும் சேலையும், அல்லது காய்கறியும் ஏற்றிக்கொண்டு தினம் 80 கிலோமீட்டர், ஆண்டில் 300 நாள் ஓடும் வண்டியானால் மூன்றரை ஆண்டுக்குள் மீளும். வண்டி பெரிதானால் பாட்டரியும் பெருகும். கணக்கை அதற்கேற்பப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே தனி வீட்டின் காரைவிடச் சங்கத்தின் சரக்கு வண்டியே இதற்குத் தகுந்ததென்பது நம் கருத்து. அது போகும் தூரம் முன்கூட்டியே தெரியும். இரவில் கிடங்கில் நின்று, 15 ஆம்பியர் பிளக்கிலேயே ஆறேழு மணி நேரத்தில் 12 யூனிட் ஏற்றிக்கொள்ளும்.

இவ்விஷயத்தை ஆலோசிக்கும் நிர்வாகக் குழுவினர், விற்பவரிடம் விலையைக் கேட்குமுன் அங்கீகாரச் சான்றைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். அதில் தங்கள் வண்டியின் மாடல் குறிக்கப்பட்டிருக்கிறதா, பாட்டரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், பொருத்துபவரின் அனுமதி நடப்பில் உள்ளதா என்பவற்றை எழுத்திலேயே பெற்றுக்கொண்டு, அதன் பின்னரே முன்பணம் கொடுக்கலாம்.